ஒரேயோர் ஈற்று

“பாவம், அதற்கும் ஆசை இருக்காதா? ஒருமுறையாவது குட்டி போட விடுங்களேன்.” பெட்டை நாய் வளர்க்கும் வீட்டார் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. எதிர்வீட்டு அம்மாள் சொல்வார். காலை நடையில் கடுவன் நாயைப் பிடித்துக்கொண்டு வரும் அன்பர் சொல்வார். ஊரிலிருந்து வந்து நான்கு நாள் தங்கும் பெரியம்மா சொல்வார். சில சமயம் கால்நடை மருத்துவரே சொல்வார். நாங்களும் கேட்டோம். 2013-ஆம் ஆண்டு அதற்கு இணங்கவும் செய்தோம். அந்த இணக்கம் தவறு என்று இன்று கருதுகிறோம். அது ஏன் தவறு என்பதைப் பற்றி எங்களுக்குள்ளேயே நெடுநாள் நடந்த விவாதத்தின் சாரம்தான் இக்கட்டுரை.

வீட்டில் நாய்களை இனப்பெருக்கம் செய்வது சரியா தவறா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது அன்புக்கும் வியாபாரத்துக்கும் இடையிலான வழக்காகவே மாறிவிடுகிறது. கூண்டுகளில் அடைத்து, பருவம்தோறும் ஈனவைத்து, காசு பார்க்கும் பண்ணைக்காரன் ஒரு பக்கம். நாயைத் தன் பிள்ளைபோல் வளர்த்து, ஆசைக்காக ஒரேயொரு முறை குட்டி எடுக்கும் குடும்பஸ்தன் மறுபக்கம். முன்னவன் குற்றவாளி, பின்னவன் நிரபராதி என்று தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. எங்கள் அனுபவம் இந்தத் தீர்ப்பை ஐயுற வைத்தது. பிறந்த குட்டியின் பார்வையில், தன்னைப் பிறப்பித்தவர் அன்பினால் செய்தாரா காசுக்காகச் செய்தாரா என்பது பெரிய வேற்றுமை அன்று. வாசற்படி தாண்டிய பிறகு தனக்காகப் பதில் சொல்ல யார் இருக்கிறார் என்பதே வேற்றுமை.

எங்கள் லில்லி மஞ்சள் நிற லாப்ரடார். அப்போது அதற்கு மூன்றரை வயது. அக்கம்பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் கடுவனோடு சேர்த்தோம். வழக்கப்படி, கடுவனின் சொந்தக்காரருக்குக் கூலியாக முதல் தேர்வுக் குட்டி ஒன்று என்று பேச்சு. ஏறத்தாழ 63 நாள் கழித்து ஓர் இரவில் ஏழு குட்டிகள் பிறந்தன. இரண்டாம் நாள் ஒன்று இறந்தது. மிச்சம் ஆறு. பத்துப் பன்னிரண்டு நாளில் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. வீட்டில் திருவிழாதான். உறவினர் பிள்ளைகள் வரிசையில் நின்று தூக்கிக் கொஞ்சினார்கள். ஐந்தாம் வாரத்துக்குள் சிறுநீரும் சாணமும் துடைத்து மாளவில்லை. ஆறாம் வாரத்தில் ‘எப்போது கொடுத்து அனுப்பலாம்’ என்று நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். அன்பின் நீளம் ஆறு வாரம் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு குட்டியைக் கடுவன்காரர் எடுத்துக்கொண்டு மறுவாரமே விற்றுவிட்டார். அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது. மற்ற ஐந்தையும் ஒரு காசு வாங்காமல் ‘தெரிந்தவர்’களுக்குக் கொடுத்தோம். விற்கவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, லில்லிக்கு உடம்பு சரியில்லாமற்போன ஒரு வாரத்தில், அதன் குட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விசாரித்தோம். ஒன்று உறவினர் வீட்டில் சௌக்கியமாக இருந்தது. இன்னொன்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்தது. மூன்றாவதை, வெளிநாட்டு வேலைக்குப் போன குடும்பம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவர் மற்றொருவருக்குக் கொடுத்தார், அதற்குமேல் தடம் இல்லை. நான்காவது பெட்டை. மூன்று வயதுக்குள் மூன்று ஈற்றுப் போட்டு, குட்டிகள் விலைக்குப் போயிருந்தன. ஐந்தாவதைப் பற்றிக் கேட்டபோது, “அது ஓடிப்போயிடுச்சுங்க” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். லாப்ரடார் ஓடிப்போகிற நாய் இல்லை என்பது வளர்த்தவர்க்குத் தெரியும்.

இவர்களில் எவரும் கொடியவர் அல்லர். நாங்களும் கொடியவர் அல்லோம். இதுதான் இங்கே யோசிக்க வேண்டிய இடம்.

அந்த முதல் வாக்கியத்துக்கு வருவோம். ‘அதற்கும் ஆசை இருக்காதா?’ என்ற கேள்வியில் நாயைப் பற்றிய அறிவைக் காட்டிலும் நம்மைப் பற்றிய செய்தியே அதிகம். தாய்மை அடையாத பெண் முழுமையடையாதவள் என்று நெடுங்காலம் நம்பிவந்த சமூகம் நம்முடையது. குழந்தையில்லாத பெண்ணைச் சுபகாரியங்களில் ஒதுக்கி வைத்த நாவுதான், இப்போது வீட்டு நாயைப் பார்த்தும் ‘பாவம்’ என்கிறது. பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை பருவத்துக்கு வருகிறது. அந்தச் சில நாட்களில் உடலின் சுரப்புகள் அதை ஆட்டிவைக்கின்றன. பருவம் கழிந்ததும் அமைதியடைகிறது. ஈனாமற்போன குட்டிகளை எண்ணி ஏங்கும் மனம் அதற்கு உண்டு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. நம் ஏக்கத்தை அதன்மேல் ஏற்றி, பிறகு அந்த ஏக்கத்தைத் தீர்த்துவைத்த புண்ணியத்தையும் நாமே எடுத்துக்கொள்கிறோம்.

‘உடம்புக்கு நல்லது’ என்பது அடுத்த காரணம். இதையும் ஆராய்ந்து பார்க்கலாம். கருத்தடை செய்யாத பெட்டைகளை நடுவயதுக்கு மேல் தாக்கும் கொடிய நோய்களில் ஒன்று பயோமெட்ரா என்கிற கர்ப்பப்பைச் சீழ்நோய். பருவம் முடிந்த சில வாரங்களில் வரும், கவனிக்காவிட்டால் கொல்லும். ஒருமுறை ஈன்றுவிட்டதால் அது வராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கர்ப்பப்பையை அகற்றிவிட்டால் வர இடமே இல்லை. மறுபுறம் ஈனுவதில் உள்ள ஆபத்துகள் மெய்யானவை. குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் அறுவை வேண்டும். பால் சுரக்கும் வாரங்களில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்து வலிப்பு வரும், சில மணிநேரத்தில் உயிர் போகவும் கூடும். நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடிய மருத்துவர் நம் நகரங்கள் எத்தனையில் இருக்கிறார் என்பதை ‘உடம்புக்கு நல்லது’ என்பவர்கள் சொல்வதில்லை. மூன்றாண்டு கழித்து லில்லிக்கு வந்ததும் இந்தச் சீழ்நோய்தான். அறுவை செய்து பிழைத்தது. ஓர் ஈற்று அதைக் காக்கவில்லை.

இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்பவர்கள் குரல் தாழ்த்திச் சொல்வார்கள்: “இது போன பிறகு இதன் குட்டி ஒன்றாவது இருக்கட்டும்.” நாயின் ஆயுள் நம் ஆயுளில் ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோ. அந்தப் பிரிவை முன்னுணர்ந்து செய்யும் ஏற்பாடு இது. இதை நாங்கள் எள்ளமாட்டோம், எங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் குட்டி தாயின் படி அன்று. பாதி மரபு வேறொரு நாயிடமிருந்து வருகிறது. தாயிடம் நாம் நேசித்த குணங்களில் பல, நாமும் அதுவும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் உண்டாக்கியவை. ஒன்றை வைத்துக்கொள்வதற்காக ஆறைப் பிறப்பிக்கிறோம். மற்ற ஐந்தும் நம் துயரத்துக்கான முன்பணமாக ஊருக்குள் போகின்றன.

‘ஒரேயொரு முறைதானே’ என்பார்கள். எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஓர் ஈற்றில் ஆறு குட்டிகள், பாதி பெட்டை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பெட்டைகளின் சொந்தக்காரர்களும் நம்மைப்போலவே நல்லவர்கள், ஒரேயொரு முறைதான் குட்டி எடுக்கிறார்கள். பதினெட்டு. அவற்றில் ஒன்பது பெட்டை. அவர்களும் ஒரேயொரு முறை. ஐம்பத்து நான்கு. ஆக மூன்று தலைமுறையில் 78 உயிர்கள். எவருமே பேராசைக்காரர் இல்லாத உலகத்தில் வரும் தொகை இது. எட்டுப் பத்து ஆண்டுகளுக்குள் 78 நல்ல வீடுகளை யார் தேடித் தந்தார்கள்? ‘ஒருமுறை’ என்பது செய்கிறவரின் கணக்கு மட்டுமே.

நாங்கள் பெருமைப்பட்ட ‘இலவச’த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பவனைவிடச் சும்மா கொடுப்பவன் உயர்ந்தவன் என்பது நம் பொதுப்புத்தி. நாய்க்குட்டி விஷயத்தில் இது பல சமயம் தலைகீழாகிவிடுகிறது. விலை கொடுத்தவர் கேள்வி கேட்பார்: தாய் எங்கே, தடுப்பூசி போட்டாயிற்றா, எத்தனை நாள் குட்டி? சும்மா வாங்குபவர் கேட்கமாட்டார். சும்மா கொடுப்பவரும் கேட்கமாட்டார், தானம் வாங்குபவரைக் குறுக்கு விசாரணை செய்வது மரியாதையன்று என்ற எண்ணம். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், வாடகை வீடா, வீட்டுக்காரர் அனுமதி உண்டா, ஊர் மாற்றலானால் என்ன செய்வீர்கள் என்று ஐந்து நிமிடம் கேட்டிருந்தால், எங்கள் ஐந்தில் மூன்றையாவது அந்தக் கைகளில் கொடுத்திருக்க மாட்டோம். இலவசம் என்பது இரு தரப்புக்கும் பொறுப்பிலிருந்து கிடைத்த விடுதலையாக அமைந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான விதிகளை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது. நாய்களை ஈனவைத்துக் குட்டிகளை விற்பவர் தனிநபராயினும் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை ஈனவைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. நெருங்கிய இரத்த உறவுள்ளவற்றைச் சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வாசிக்கையில் மனம் குளிர்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் இணைய விளம்பரங்களிலும் முப்பது நாள் குட்டி, முப்பத்தைந்து நாள் குட்டி என்று விலை பேசுவதைக் கண்டவர்க்கு இவ்விதிகளின் நடைமுறை வலு தெரியும். எங்களைப் போல் விற்காமல் கொடுப்பவரை இவை தொடவே இல்லை என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் 2018-இன் விதிகள்படி பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈற்று எடுப்பவருக்கு உரிமம் கட்டாயம். 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பதும் அங்கே தடை செய்யப்பட்டது. வாங்குபவர் குட்டியைத் தாயோடு பார்க்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. எந்தச் சட்டமும் குட்டியின் பதினான்கு ஆண்டு வாழ்வுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அது அறத்தின் வேலையாகவே மிஞ்சுகிறது.

எதைப் பிறப்பிக்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு நம் நகரங்களில் பக் நாய்க்கு உண்டான மோகத்தையும் கண்டோம். அந்த நாயின் அழகு என்று நாம் சொல்வது நசுங்கிய முகம். நசுங்கிய முகத்துக்குள் குறுகிய நாசித்துளைகளும், இடம் போதாமல் மூச்சுவழியில் தொங்கும் மேலண்ணமும் இருக்கின்றன. நாய் தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்வது பெரிதும் இரைத்து மூச்சு வாங்குவதன் வழியாகத்தான். சென்னையின் சித்திரை வெயிலில், மூச்சே சரியாக விடமுடியாத ஒரு உடலை நாம் திட்டமிட்டு உற்பத்தி செய்கிறோம். அது குறட்டை விடுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சிரிக்கிறோம். நெதர்லாந்து 2019-இல் இதற்கு ஓர் அளவுகோலே வைத்தது: தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மூக்குப்பகுதி இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது. நார்வே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில், கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்தை அன்றிருந்த முறையில் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டு விலங்குநலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. மூளைக்கு இடம் போதாத மண்டையோடும் வால்வு பழுதான இதயமும் அவ்வினத்தின் குலச்சொத்தாகிவிட்டிருந்தன.

புதிய கலப்பினங்களைப் பற்றியும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்ச் சங்கமொன்றில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவர், 1989-இல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து லாப்ரடூடில் என்ற கலப்பை உண்டாக்கினார். நாய்முடி ஒவ்வாத கணவரையுடைய ஒரு பார்வையற்ற பெண்மணிக்கு உதவுவதே நோக்கம், அதில் குற்றம் காண ஏதுமில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல், தன் வாழ்க்கையிலேயே தான் மிகவும் வருந்தும் செயல் அதுதான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் செய்ததைப் பார்த்து, நோய் ஆராயாமல், விலைக்காக எவரும் எதையும் எதோடும் சேர்க்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள். நல்ல நோக்கம் தன் விளைவுகளை எல்லைக்குள் வைத்துக்கொள்ளாது என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் எங்களுக்குத் தெரிந்து வேறில்லை.

‘எங்கள் நாய்க்குப் பேப்பர் இருக்கிறது’ என்று சொல்வோர் உண்டு. கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்றிதழ் தந்தையார் தாயார் யார், பாட்டன் பாட்டி யார் என்று கூறும். இடுப்பெலும்பு மூட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்று கூறாது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இந்த மூட்டுக்கோளாறு பரம்பரையாக வருவது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது பொறுப்புள்ள வளர்ப்பாளர்களின் நெறி. 2013-இல் நாங்கள் எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தெரியாது. கடுவன்காரருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ளாமலே ஏழு உயிர்களை உலகுக்குக் கொண்டுவந்தோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘எனில் வீட்டில் எவருமே குட்டி எடுக்கக் கூடாது என்கிறீர்களா?’ என்று வாசகர் கேட்கக்கூடும். அப்படிச் சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. எதிர்த்தரப்பில் இரண்டு வலுவான வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, குட்டி வளர ஆகச்சிறந்த இடம் வீடுதான். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் நாயின் சமூக வாழ்வை நிர்ணயிக்கிறது என்று நிறுவியது. அந்தக் காலத்தில் தாயோடும் உடன்பிறப்புகளோடும் மனிதரோடும் பழகிய குட்டி, பிற்பாடு அச்சமும் வெறியும் குறைந்த நாயாகிறது. குக்கர் விசிலையும் மிக்சி இரைச்சலையும் அழைப்பு மணியையும் குழந்தைகளின் கூச்சலையும் கேட்டு வளரும் குட்டிக்கு, கொட்டகைக் கூண்டில் பிறந்த குட்டி ஈடாகாது. நல்ல வீடுகள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டால், குட்டி வேண்டுவோருக்கு மிஞ்சுவது கொட்டகைதான் என்ற வாதத்தை நாங்கள் புறந்தள்ளவில்லை.

மற்றொன்று நாட்டு இனங்களைப் பற்றியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை இன்றும் இருப்பது தென்மாவட்டக் குடும்பங்கள் வழிவழியாக வீட்டிலும் தோட்டத்திலும் வைத்துக் காத்ததால்தான். 2005-இல் அஞ்சல்துறை இந்திய நாயினங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இங்கேயும் அன்பு மட்டும் போதாது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை டால்மேஷியனைப்போல் ராஜபாளையத்திலும் அறியப்பட்ட ஒன்று. ‘சுத்த வெள்ளை’ என்று தேடித்தேடிச் சேர்ப்பவர் எதையெல்லாம் சேர்த்துத் தேடுகிறார் என்று எண்ண வேண்டும். முயல் வேட்டைக்கென்று உருவான சிப்பிப்பாறை, வேட்டை சட்டவிரோதமாகிவிட்ட இக்காலத்தில், பாரம்பரியத்தின் பெயரால் வாங்கப்பட்டு இரண்டு படுக்கையறைக் குடியிருப்புக்குள் அடைபடுகிறது. இனம் பிழைக்க வேண்டும் என்பது நியாயம். அந்த இனத்தின் ஒவ்வொரு நாயும் நன்றாக வாழ வேண்டும் என்பது அதற்கு முந்திய நியாயம்.

எனவே எங்கள் நிலைப்பாடு தடை அன்று, நிபந்தனை. சேர்ப்பதற்கு முன்பாக நான்கு கேள்விகளுக்கு உரத்த குரலில் பதில் சொல்ல முடிய வேண்டும். தாயையும் தந்தையையும், அவற்றின் இனத்துக்குரிய பரம்பரை நோய்களுக்காகச் சோதித்தாயிற்றா? குட்டிகள் பிறக்குமுன்பே அவற்றுக்காகக் காத்திருக்கும், நாம் நேரில் போய்ப் பார்த்த வீடுகள் உண்டா? எட்டு வாரத்துக்கு முன் எதையும் அனுப்புவதில்லை என்று, எவ்வளவு சிரமமானாலும், உறுதியாக இருக்கிறோமா? நான்காவதுதான் முக்கியமானது. இரண்டு ஆண்டு கழித்தோ பத்து ஆண்டு கழித்தோ, எந்தக் குட்டியாவது எந்தக் காரணத்தாலாவது வீடிழந்தால், அதைத் திரும்ப நம் வீட்டுக்கே அழைத்துக்கொள்வோமா? கிழமாகி, நொண்டியாகி, கடிக்கும் குணமாகி வந்தாலும்? இதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாதவர், எவ்வளவு அன்பானவராயினும், குட்டி எடுக்கத் தகுதியுடையவர் அல்லர். எங்களால் அன்றும் சொல்லியிருக்க முடியாது, இன்றும் முடியாது. எங்கள் வீட்டில் மூன்றாவது நாய்க்கே இடமில்லை.

கருத்தடை அறுவையும் அந்த உயிரின்மேல் நாம் செலுத்தும் ஆதிக்கம்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், ஆதிக்கம்தான். நாயை நாம் வீட்டுக்குள் அழைத்த கணத்திலேயே அதன் உணவு, உறக்கம், துணை எல்லாவற்றையும் நம் கையில் எடுத்துக்கொண்டுவிட்டோம். இயற்கையின்மீது பழிபோட்டு இந்த ஒன்றில் மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இரு ஆதிக்கங்களில், பிறக்காத உயிருக்குத் தீங்கு எதுவும் இழைக்காததையே நாங்கள் தேர்வோம்.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகளின்போது, நாடெங்கும் பெரும் வாக்குவாதம் நடந்தது. தெருநாயை யார் என்ன செய்வது என்று எல்லோரும் பேசினோம். தெருவில் இறக்கிவிடப்படும் வீட்டு நாய்களைப் பற்றியும், அவற்றைப் பிறப்பித்த வீடுகளைப் பற்றியும் பேச்சு அபூர்வமாகவே எழுந்தது. கூட்ஸியின் ‘டிஸ்கிரேஸ்’ நாவலை வாசித்தவர்களுக்கு, வேண்டாதவையாகிவிட்ட நாய்களைக் கருணையோடு கொல்லும் அந்தச் சிறிய மருத்துவமனை நினைவிருக்கும். வேலை இழந்த பேராசிரியர் அவற்றின் உடல்களைத் தாமே எரியூட்டுமிடத்துக்குக் கொண்டுபோவார். அந்த நாய்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மிகுதியாகப் பிறந்துவிட்டன, அவ்வளவுதான். ‘மிகுதி’ என்ற அந்தச் சொல்லின் ஒரு சிறு பகுதி எங்கள் கையெழுத்து என்று அந்நாவலை மறுமுறை வாசித்தபோது தோன்றியது.

மகாபாரதத்தின் இறுதியில் தருமனோடு சொர்க்க வாசல் வரை நடந்துபோகும் நாயை நமக்குத் தெரியும். அந்நூலின் தொடக்கத்திலும் ஒரு நாய் உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஜனமேஜயனின் வேள்விச்சாலைக்கு வந்த குட்டி ஒன்றை, அது எதையும் நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை என்றபோதும், அரசனின் தம்பியர் அடித்துத் துரத்துகிறார்கள். அதன் தாய் சரமை நேரே வேள்விச்சாலைக்கு வந்து, என் மகன் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறது. அவர்கள் பதில் சொல்லவில்லை.

லில்லி 2022-இல் இறந்தது. இறுதிவரை அதற்குக் குட்டிகளின் நினைவு இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது, அநேகமாக இல்லை. கேட்க வேண்டியது லில்லி அன்று, நாங்கள்தான். ஐந்து தொலைபேசி எண்களைக் குறித்து வைத்த அந்தப் பழைய டைரி இன்னும் இருக்கிறது. இரண்டு எண்களில் மட்டும் இப்போதும் யாரோ எடுக்கிறார்கள். மொட்டைமாடிச் சங்கிலியில் கிடந்ததை, லில்லி போன பிறகு, கேட்டு வாங்கி வந்தோம். அதற்கு இப்போது வயதாகிவிட்டது. படியேறும்போது பின்னங்கால்கள் நடுங்குகின்றன. இடுப்பெலும்பு எக்ஸ்ரேயை இதற்கு எடுத்தோம், பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக.